முற்றத்துப் புகையிரதத்தைப் படம் பிடிப்பது எப்படி?

கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே வரும் புகையிரதப் பாதை இன்று அவிசாவளையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் எஹலியகொடை, குருவிட்ட, இரத்தினபுரி, கஹவத்தை, ஓப்பநாயக்க ஆகிய இடங்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வளரும் ஒரு சிறுவனிடம், "உங்கள் ஊருக்குப் புகையிரதம் வந்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர் வேடிக்கை பேசுகிறார் என்றே அவன் எண்ணுவான். அதே கேள்வியை அவனுடைய பாட்டியாரிடம் கேளுங்கள். "வராம என்ன? சின்னக் கோச்சி வந்துச்சே!" என்று அவர் உடனே பதில் சொல்லக்கூடும்.

அந்த அம்மையார் சொல்வது முற்றிலும் உண்மை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டு அடி ஆறு அங்குல அகலமே கொண்ட குறுகிய பாதை அது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே, தோட்டங்களின் விளைபொருள்களைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதற்கு உதவியாகப் போடப்பட்ட அப்பாதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டையை அடைந்தது. 1912-ஆம் ஆண்டில் மற்றொரு கிளை இரத்தினபுரிக்கு வந்தது. 1919-இல் அது ஓப்பநாயக்க வரை நீண்டது. இரண்டாம் உலக யுத்த காலமாகிய 1942-இல் எட்டியாந்தோட்டைக் கிளை மூடப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பகுதியும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சி நின்ற அவிசாவளைப் பாதையும் 1990களில் ஐந்து அடி ஆறு அங்குல அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஆகவே சப்ரகமுவவின் சின்னக் கோச்சியில் ஏறியவர்கள் யாவரும் இன்று முதியவர்களே.

அவர்களிடம் நினைவு இருக்கிறது; படம் இல்லை. அக்காலத்தில் லயத்து வீடுகளில் கமரா ஏது? கலியாணத்துக்கோ கடவுச்சீட்டுக்கோ பட்டணத்து ஸ்ரூடியோவில் போய் நின்று எடுத்த ஒன்றிரண்டு படங்களோடு சரி. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர் இந்தியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் பெட்டிகளிலும் அத்தகைய படங்களே இருந்தன. வழியனுப்ப வந்தோர் நின்ற மேடையையோ, ஏறிய வண்டியையோ படம் பிடித்து வைத்தவர் மிகச் சிலர்.

இக்குறையைத் தீர்க்க மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஓர் இனிய காரியம் உண்டு. அந்தக் கோச்சியையும் அதன் நிலையத்தையும் சிறிய அளவில் செய்து, வீட்டு முற்றத்திலே பாதையமைத்து, உண்மைப் புகையிரதமே என்று கண்டோர் மயங்கும்படி படம் எடுப்பதுதான் அது. மேலை நாடுகளில் இதனைத் தோட்டப் புகையிரதம் என்பார்கள். நமக்கோ தோட்டம் என்றால் தேயிலையும் றப்பரும் நிற்கும் மலைகளே நினைவுக்கு வருமாதலால், முற்றத்துப் புகையிரதம் என்று வழங்குவோம்.

"இதற்கு எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதே இத்துறையில் இறங்குவோர் முதலிற் கேட்கும் கேள்வி. அக்கேள்வியைச் சற்றே ஒத்திவைத்து, கமராவை எங்கே வைப்பது என்பதை முதலிற் பார்ப்பது நன்று. இடம் தெரிந்துவிட்டால் கருவி தானே தெரியவரும், பணமும் மிச்சப்படும்.

இருபத்து நான்கில் ஒரு பங்கு

சின்னக் கோச்சியின் பாதை 762 மில்லிமீற்றர் அகலமுடையது. இதை 24 ஆல் வகுத்தால் 31.75 கிடைக்கிறது. முற்றத்துப் புகையிரதங்களுக்கென்று இங்கிலாந்தில் விற்கப்படும் தண்டவாள வகைகளுள் ஒன்றன் அகலம் 32 மில்லிமீற்றர். ஆகவே இருபத்து நான்கில் ஒரு பங்கு என்ற அளவை எடுத்துக்கொண்டால் நமது பாதை ஏறக்குறையச் சரியாகவே பொருந்திவிடுகிறது. ஜேர்மனியில் நியூரம்பேர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்.ஜி.பி. வகைப் புகையிரதங்கள் 45 மில்லிமீற்றர் பாதையில் ஓடுவன. அப்பாதை கையிலிருப்போர் பதினேழில் ஒரு பங்காகச் செய்யவேண்டும்.

விலை கொடுத்து வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. படத்துக்காக எந்திரம் ஓடவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பழைய தேயிலைப் பெட்டியின் பலகையால் வண்டியையும், தகரக் கீற்றுகளால் தண்டவாளத்தையும் செய்து, கையால் நகர்த்தி வைத்து எடுத்தாலும் படம் படமே.

அளவை ஒருமுறை தீர்மானித்த பின்னர் எல்லாவற்றையும் அதனாலேயே அளக்கவேண்டும். ஐந்தரை அடி மனிதன் ஏழு சென்ரிமீற்றர் உயரமாவான். ஒரு மீற்றர் உயரமுள்ள தேயிலைச் செடி நான்கு சென்ரிமீற்றராகும். இருபது மீற்றர் றப்பர் மரம் 83 சென்ரிமீற்றராகும். பாறைப் பாசியும் மிகச் சிறிய இலைகளையுடைய செடிகளும் இங்கே நமக்கு உற்ற துணை. கவ்வாத்து வெட்டுவது போல அவற்றின் தலையை மட்டமாக நறுக்கிவிட்டால் கொழுந்து மலை தயாராகிவிடும். ஒரு பெரிய பலாவிலை பாதையோரத்தில் விழுந்து கிடந்தாற் போதும், உழைப்பெல்லாம் வீணாகும். ஏனெனில் அந்த இலையின் அளவை நம் கண் அறியும்.

கமராவைக் கீழே இறக்குங்கள்

முதன் முதலில் மாதிரி வண்டியைப் படம் எடுப்போர் அனைவரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. நாமும் அப்பிழையைச் செய்தோம். நின்ற நிலையிலேயே குனிந்து, வண்டியை மேலிருந்து பார்த்து எடுப்பதே அது. படத்தில் வண்டியின் கூரை தெரியும், சுற்றியுள்ள மண் தெரியும், எடுத்தவரின் பாத விரல்களும் தெரியும். எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட வண்டியாயினும் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். காரணம் எளிது. உண்மையான புகையிரதத்தை நாம் வானத்தில் நின்று பார்ப்பதில்லை. மேடையில் நின்று, நம் கண்மட்டத்திலிருந்தே பார்க்கிறோம்.

நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 157 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் இருபத்து நான்கில் ஒரு பங்கு ஆறரை சென்ரிமீற்றர். ஆகவே கமராவின் வில்லை மாதிரித் தரையிலிருந்து ஆறரை சென்ரிமீற்றர் உயரத்தில், அதாவது இரண்டரை அங்குலத்தில் இருக்கவேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த விஷயங்களுள் முதன்மையானது. விலையுயர்ந்த கருவி தரமுடியாத உண்மைத் தோற்றத்தை இந்த இரண்டரை அங்குலம் தந்துவிடும்.

தூரத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். புகையிரதத்தைப் படம் எடுப்பவர் பாதையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமது அளவில் அது ஒன்றேகால் மீற்றர். மிக நெருங்கி எடுத்தால் எந்திரத்தின் முன்பகுதி ஊதிப் பருத்தும் பின்பகுதி சுருங்கியும் தோன்றும். சற்றே விலகி எடுப்பதே அழகு.

கமராவை இவ்வளவு தாழ்த்துவதற்கு வயிற்றின் மேல் படுக்கவேண்டியிருக்கும். சப்ரகமுவவின் ஈர மண்ணில் அட்டைகள் நம்மை வரவேற்கக் காத்திருக்கின்றன என்பதை மறக்கலாகாது. அறிவுள்ளோர் பாதையை உயர்த்தி அமைப்பர். தோட்டங்களில் மண் சரியாதிருக்கக் கல்லடுக்கிக் கட்டிய வரம்புகள் உண்டல்லவா? அத்தகைய வரம்பின் மேல் பாதை செல்லுமாயின், ஒரு முக்காலியில் அமர்ந்தவாறே வண்டியின் கண்மட்டத்தை அடையலாம். அதனால் மற்றொரு பெரும் பயனும் உண்டு. கமரா தாழ்ந்ததும் லயத்துச் சுவரும், துணி காயும் கொடியும், கோழிக்கூடும் மறைந்து, தூரத்து மலையும் அதன்மேல் தவழும் மஞ்சும் வண்டிக்குப் பின்னே வந்து நிற்கும். அந்த மலை மாதிரி மலையன்று. சின்னக் கோச்சி உண்மையாகவே கண்டு சென்ற மலை. நகரத்து வீட்டு முற்றத்தில் மாதிரிப் புகையிரதம் வைத்திருப்போர் இப்பின்னணிக்காக ஏங்குவர்; நமக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது.

முன்னும் பின்னும் தெளிவு

இரண்டாவது விஷயம் தெளிவு. பொருளை மிக நெருங்கிப் படம் எடுக்கும்போது, எந்தத் தூரத்துக்கு வில்லையைச் சரிசெய்கிறோமோ அந்த இடம் மாத்திரமே தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். தூரத்திலுள்ள பெரிய பொருளை எடுக்கும்போது இந்த மங்கல் தோன்றுவதில்லை. ஆகையால் மங்கலைக் கண்டவுடனே நம் மனம், "இது சிறிய பொருள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. உண்மையான பட்டணம் ஒன்றின் படத்தில் மேலும் கீழும் வேண்டுமென்றே மங்கலை உண்டாக்கி, அதைப் பொம்மைப் பட்டணம் போலக் காட்டும் வித்தை இன்று பிரசித்தமானது. நாம் செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது. எந்திரத்தின் முகமும் தெளிவாக இருக்கவேண்டும்; கடைசிப் பெட்டியும் தெளிவாக இருக்கவேண்டும்; மேடையின் பெயர்ப் பலகையும் வாசிக்கத்தக்கதாக இருக்கவேண்டும்.

எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும் என்பது வில்லையின் துவாரத்தைப் பொறுத்தது. துவாரம் சிறுத்தால் தெளிவின் ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். கமராக்களில் எஃப் 2.8, எஃப் 8, எஃப் 16 என்று எழுதியிருப்பது இத்துவாரத்தின் கணக்கே. எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும். முழு அளவு ஒளியுணர் தகடு கொண்ட பெரிய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி, அரை மீற்றர் தூரத்தில் எஃப் 2.8-இல் எடுத்தால், ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழமே தெளிவாக விழும். எஃப் 16-இல் அது எட்டு ஒன்பது சென்ரிமீற்றராகக் கூடும். ஒரு பெட்டியைக்கூட முழுமையாகத் தெளிவாக்க இது போதாது.

இனிக் கைத்தொலைபேசியைப் பாருங்கள். அதன் கமராவில் உள்ள தகடு நகத்தளவே சிறியது. வில்லையும் மிகக் குறுகியது. ஆதலால் அதே அரை மீற்றர் தூரத்தில் சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்று ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் தெளிவைத் தரும். பெரிய கமராக்காரர் பெருமுயற்சி செய்து பெறுவதை, இளைஞனின் சட்டைப் பையில் இருக்கும் கருவி இயல்பாகவே தந்துவிடுகிறது.

அப்படியானால் எதை வாங்குவது?

எம் கருத்து இதுவே. வீட்டில் கைத்தொலைபேசி ஒன்று இருந்தால் முதலாவது ஆண்டு முழுவதும் அதனையே பயன்படுத்துங்கள். கடன்பட்டுக் கமரா வாங்கவேண்டாம். மாதத் தவணைக்கு வாங்கிய கமரா பெட்டிக்குள்ளே பூஞ்சணம் பிடித்துக் கிடக்க, தவணை மாத்திரம் தவறாமல் வந்து கதவைத் தட்டும் வீடுகள் உண்டு.

கைத்தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் வில்லை தரைக்கு மிக அண்மையில் வந்துவிடும். படத்தைப் பின்னர் நேராக்கிக் கொள்ளலாம். திரையை விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கருவிகளில், தெளிவும் ஒளியளவும் மாறாமல் நிலைத்து நிற்கும். ஆட்களின் முகத்தை எடுப்பதற்காகப் பின்னணியை மங்கச் செய்யும் வசதியை இங்கே தொடவே கூடாது. அது நம் வண்டியை ஒரு நொடியில் பொம்மையாக்கிவிடும். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்குவதும் வேண்டாம்; வேண்டிய பகுதியைப் பின்னர் வெட்டி எடுத்துக்கொள்வதே மேல். மலிவான கருவிகள் சிலவற்றில் மிக நெருங்கிய பொருள்களுக்கென்று தனி வில்லை ஒன்று இருக்கும். அதன் படம் தரத்திற் குறைந்ததாகவே பெரும்பாலும் அமையும். பிரதான வில்லையையே பயன்படுத்திச் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

வில்லைகளை மாற்றிப் பூட்டத்தக்க பெரிய கமரா எப்போது தேவை? படத்தைச் சுவரில் மாட்டுமளவுக்குப் பெரிதாக்க விரும்பும்போதும், மங்கிய ஒளியில் எடுக்கும்போதும், ஓடும் வண்டியை எடுக்கும்போதும் அது கைகொடுக்கும். வாங்குவோர் புத்தம் புதியதை நாடவேண்டியதில்லை; ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய கமராவே இவ்வேலைக்குப் போதும். வாங்குமுன் மூன்றைச் சோதியுங்கள். வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்தி வலைபோன்ற பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். துவாரத்தை நம் விருப்பப்படி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முப்பது நாற்பது சென்ரிமீற்றர் தூரத்துப் பொருளைத் தெளிவாக்க முடிகிறதா என்று பாருங்கள். திரை வெளியே மடிந்து வரும் அமைப்பாயின் மண்ணிற் படுக்கும் துன்பம் நீங்கும். கமராவோடு உறுதியான முக்காற் தாங்கி ஒன்றும் இன்றியமையாதது. அது இல்லாதபோது மணல் நிரப்பிய சிறு துணிப்பையின் மேல் கமராவை வைத்து, விரலால் அழுத்தாமல், பத்து வினாடி பொறுத்துத் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். கமராவே அசையாதபோது எஃப் 16-இல் கால் வினாடி நேரம் ஒளி விட்டாலும் குற்றமில்லை. ஆனால் காற்றில் இலை அசையலாகாது.

அவ்வாறு எடுத்தும் தெளிவு போதாதாயின், கமராவை அசைக்காமல், முன்னிருந்து பின்னாகத் தெளிவின் இடத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஏழெட்டுப் படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மாத்திரம் கணினியில் ஒன்றுசேர்க்கலாம். இதற்கான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

தாத்தாவின் பழைய படச்சுருள் கமரா வீட்டிலிருந்தால் என் செய்வது? 1900-ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலையில் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய கொடக் பிரௌணி வகைப் பெட்டிக் கமராக்கள் சில அடி தூரத்துக்கு அப்பாலுள்ளவற்றையே தெளிவாக எடுப்பன. நமது வண்டிக்கு அவை உதவா. றொலிபிளெக்ஸ் போன்ற இரட்டை வில்லைக் கமராக்களில் பார்க்கும் வில்லை மேலும் எடுக்கும் வில்லை கீழுமாக இருப்பதால், நெருங்கி எடுக்கும்போது நாம் காண்பதும் படத்தில் விழுவதும் வேறுபடும். புகைபோக்கி வெட்டுண்டு போகும். அவற்றைப் போற்றிப் பாதுகாத்து வையுங்கள். இந்த வேலைக்கு இழுக்கவேண்டாம்.

ஒளியும் மழையும்

முற்றத்தில் எடுப்பதன் பெருஞ்சிறப்பு சூரியனே. அறைக்குள் விளக்கை வைத்து எடுத்தால் நிழல்கள் விரிந்து பரந்து விளக்கின் அண்மையைக் காட்டிக் கொடுக்கும். சூரியனோ பெரிய வண்டிக்கும் சிறிய வண்டிக்கும் ஒரே விதமான நிழலைத் தருகிறான். காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வரும் சாய்ந்த வெயில் உத்தமம். உச்சி வெயிலில் கூரை வெளுத்துச் சக்கரங்கள் இருண்டுவிடும். அப்போது வெள்ளைக் காகித அட்டை ஒன்றைக் கமராவின் பக்கமாகப் பிடித்து, நிழற்பகுதிக்கு ஒளியைத் திருப்பலாம். கமராவின் பளிச்சென்ற மின்னொளியை அறவே விலக்குங்கள்.

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களே ஓரளவு வறண்ட காலம். ஆயினும் மழைக்குப் பிந்திய அரைமணி நேரத்தை இழந்துவிடாதீர்கள். நனைந்த தண்டவாளம் வானத்தைப் பிரதிபலிக்கும்; பாசி பச்சைப் பசேலென்றிருக்கும்; மலையில் மஞ்சு ஏறும். இலையில் உருண்டு நிற்கும் நீர்த்துளிகளை மாத்திரம் உதறிவிடுங்கள். ஒரு துளி நமது மனிதனின் தலையளவு தோன்றும். எந்திரத்தை மின்சாரத்தால் ஓட்டுவோர் அதற்குள்ளேயே மின்கலத்தை வைத்துக்கொள்வது நலம். வீட்டு மின்சாரக் கம்பியை ஈர முற்றத்துக்கு இழுக்கும் விபரீதத்தைப் பிள்ளைகள் ஒருபோதும் செய்யலாகாது.

இவ்வீரம் கமராவுக்குப் பகை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்த வில்லையில் பூஞ்சணம் வேர்விட்டுக் கண்ணாடியையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிஸ்கட் தகரம் ஒன்றில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா குறுமணிப் பைகளோடு வைத்திருங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பயன்படுத்துவதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை.

கித்துல்கலை தரும் பாடம்

கமராவும் புகையிரதமும் சந்தித்த உலகப் புகழ்பெற்ற சம்பவம் ஒன்று நமது கேகாலை மாவட்டத்திலேயே நடந்தது. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கித்துல்கலையில் களனி கங்கையின் மேல் சுமார் 425 அடி நீளமும் 90 அடி உயரமும் உடைய மரப்பாலம் ஒன்று உண்மையாகவே கட்டப்பட்டது. 1957-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாலத்தின் மேல் புகையிரதம் செல்லும்போது அதனை வெடிவைத்துத் தகர்க்க ஏற்பாடாயிற்று. பல கமராக்கள் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கமராக்காரரும் ஆயத்தம் என்று சைகை அனுப்பிய பின்னரே வெடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரிடமிருந்து சைகை வரவில்லை. இயக்குநர் வெடியை நிறுத்திவிட்டார். புகையிரதமோ நிற்காமல் பாலத்தைக் கடந்து, அப்பாலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. எல்லாவற்றையும் சீர்செய்து மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அப்படத்துக்கு ஒஸ்கார் பரிசுகள் ஏழு கிடைத்தன. ஒளிப்பதிவாளர் ஜாக் ஹில்ட்யார்டுக்குக் கிடைத்த பரிசும் அவற்றுள் ஒன்று.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. வண்டி புறப்படுமுன் கமரா ஆயத்தமா என்று பார்ப்பது முதலாவது. இருபத்து நான்கு கிலோமீற்றர் வேகத்தில் சென்ற கோச்சியை நமது அளவில் ஓட்டினால், அது வினாடிக்கு 28 சென்ரிமீற்றர் செல்லும். ஒளி விடும் நேரம் வினாடியில் அறுபதில் ஒரு பங்காயின், அதற்குள் வண்டி நான்கரை மில்லிமீற்றர் நகர்ந்து படம் கலங்கிவிடும். ஐந்நூறில் ஒரு பங்காயின் அரை மில்லிமீற்றரே நகரும். வேகமும் வேண்டும், ஆழ்ந்த தெளிவும் வேண்டும் என்றால் ஒளி போதாது. ஆகவே முன்னும் பின்னும் தெளிவு வேண்டிய படங்களில் வண்டியை நிறுத்தியே எடுங்கள்.

இரண்டாவது பாடம் நீரைப் பற்றியது. மரத்தையும் இரும்பையும் சிறிதாகச் செய்யலாம். நீர்த்துளியையும் தீச்சுடரையும் சிறிதாக்க இயலாது. ஓடும் நீரைக் காட்டும் மாதிரிப் படங்கள் பொய்யாகத் தோன்றுவது இதனாலேயே. அசையும் படம் எடுப்போருக்கு மட்டும் ஒரு பரிகாரம் உண்டு. அளவு எண்ணின் வர்க்கமூலம் எதுவோ அத்தனை மடங்கு மெதுவாக ஓடும்படி படத்தை எடுப்பது பழைய சினிமா நிபுணர்களின் விதி. 24 இன் வர்க்கமூலம் ஏறக்குறைய ஐந்து. கைத்தொலைபேசியிலுள்ள மெதுவோட்ட வசதி இதற்கு உதவும். ஆனால் வண்டியையும் அப்போது ஐந்து மடங்கு விரைவாக ஓட்டவேண்டும். அது தடம் புரண்டால் எம்மேற் கோபிக்கக் கூடாது. நிழற்படத்தில் ஓடையை வரண்டதாகவே விடுவது உத்தமம்.

படம் எடுக்குமுன் கேளுங்கள்

கமராவை வெளியே எடுப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களுடன் அமருங்கள். நிலையத்தின் கூரை ஓடா, தகரமா? மேடை எந்தப் பக்கம் இருந்தது? பெட்டிகளின் நிறம் என்ன? எந்தத் தோட்டத்துக்குச் செல்பவர்கள் எங்கே இறங்கினார்கள்? கோச்சி சங்கு ஊதினால் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்குக் கேட்குமா? கேட்டவற்றைக் கொப்பியில் தேதியிட்டு எழுதி வையுங்கள். பழைய படம் எவரிடமாவது இருந்தால், அதை வாங்கிச் செல்ல வேண்டாம். அவர் வீட்டுச் சன்னலோரத்திலேயே படத்தை மட்டமாக வைத்து, கமராவை அதற்கு நேர் இணையாகப் பிடித்து, மின்னொளி இன்றிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளோர் 2014-ஆம் ஆண்டில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலைக்குச் சென்று, பழைய எந்திரங்களை அளந்தும் படம் எடுத்தும் வரலாம். றம்புக்கனையிலிருந்து ஏற்றப் பாதையில் செல்லும் பிரயாணமே ஒரு பாடம்.

எடுத்த படங்களை ஒரு கருவியில் மாத்திரம் விட்டுவைக்காதீர்கள். இரண்டு இடங்களில் பிரதி வைத்து, சிறந்த பத்தையாவது காகிதத்தில் அச்சிடுங்கள். கீழே, "இது மாதிரி வண்டி, இன்னாருடைய நினைவின்படி இன்ன ஆண்டில் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். அழகான பொய் ஒன்று பிற்காலத்தில் வரலாறாகிவிடக் கூடாதல்லவா?

உங்கள் படம் தேறிவிட்டதா என்று அறிய நிபுணரை நாடவேண்டியதில்லை. அதனைப் பாட்டியாரின் கையில் கொடுங்கள். "நல்லா செஞ்சிருக்கியேப்பா" என்று அவர் சொன்னால் கமராவை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கவேண்டும். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், சற்று நேரம் பேசாதிருந்து, "இது எந்த ஸ்டேசன்?" என்று கேட்டாரானால், இரண்டரை அங்குலக் கணக்கு சரியாகிவிட்டது. அப்போது பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.